நான்தான் அவளோடு வசிக்கிறேன்

இலண்டன்
18 ஜனவரி 1954

கமீலாவுக்கு உன் மச்சான் அபுல் ஹஸன் ஸலாம் சொல்லி எழுதுவது.

வெள்ளிக்கிழமையோடு பரீட்சை முடிந்தது. மூன்று பேராசிரியர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என் ஆய்வேட்டைத் தாள் தாளாகப் புரட்டிக் கேள்வி கேட்டார்கள். உப்பு ஏறிய நிலத்தில் நெல் ஏன் கருகுகிறது, கருகாமல் தப்பும் நெல்லுக்குள் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாரம். ஒரு கட்டத்தில் புத்தகம் எதுவும் ஞாபகம் வரவில்லை. நற்பிட்டிமுனையில் உன் உம்மாவின் வயலில், கடல் தண்ணீர் ஏறிய வருடம் செம்மை பாய்ந்து செத்துப்போன கிழக்கு மூலையை நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் மூத்தவர் எழுந்து கை கொடுத்து என்னைக் கலாநிதி என்று அழைத்தார். வெளியே வந்து படிக்கட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டேன். உடனே சொல்வதற்கு நீ பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது.

இங்கே குளிர் பொல்லாதது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை, உள்ளேயே உறைந்துவிடுகிறது. காரைதீவு அழகரெத்தினத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன், பொறியியல் படிக்கிறவர். அவர் இரண்டு சட்டைக்குமேல் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உரல் மாதிரி நடமாடுகிறார். எனக்கு இருமல் இல்லை. உம்மா அனுப்பிய கருஞ்சீரகம் இன்னும் மிச்சமிருக்கிறது.

மார்ச் மாதக் கப்பலில் வருவதாக எழுதியிருந்தேன் அல்லவா, அதில் ஒரு சின்ன விஷயம். கலாநிதிப் பட்டம் வாங்கியவர்களை, பாடம் நடத்தும் பொறுப்பு இல்லாமல், ஆராய்ச்சி மட்டும் செய்யச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வேலைகள் சில உண்டு. எங்கள் கல்லூரி அறிவித்தல் பலகையில் அப்படி நாலைந்து ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் ஒன்று, உருளைக்கிழங்குக்கு. இன்னொன்று பீட்ரூட்டுக்கு. ஆனால் ஒன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவில், உப்பு நிலத்தில் நெல். எனக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. இருபதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகமாம். இரண்டு வருடம்.

நாட்டுக்கு வந்தால் விவசாயப் பகுதியில் எனக்கு ஓர் உத்தியோகம் இருக்கிறது, மேசையில் இருந்து கடிதம் எழுதும் உத்தியோகம். அதையும் குறை சொல்ல மாட்டேன். உன் சொல்லைக் கேட்ட பிறகுதான் எதற்கும் விண்ணப்பம் போடுவேன்.

உன் மச்சான்
அபுல் ஹஸன்


சாய்ந்தமருது
2 பெப்ரவரி 1954

மச்சானுக்கு கமீலாவின் ஸலாம்.

கலாநிதி ஆனதற்கு முதலில் அல்ஹம்துலில்லாஹ். கடிதம் வந்த அன்றே உம்மா பால்சோறு ஆக்கி, றம்ஸியாவின் கையில் கொடுத்து அக்கம்பக்கம் எல்லாம் அனுப்பினார். தங்கச்சிக்கு அன்றைக்குத் தெருவில் இருந்த நடையைப் பார்க்க வேண்டும், பட்டம் வாங்கியது அவள்தான் என்று நினைப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பெரிய ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, எல்லா ஆசிரியைகள் முன்னாலும் வாழ்த்துச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஆனால் மச்சான், நீங்கள் குளிரைப் பற்றி எழுதத் தொடங்கியபோதே ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கேட்க வெட்கப்பட்டால் நீங்கள் காற்றையும் மழையையும் பற்றித்தான் கதைப்பீர்கள். கலியாணம் முடிந்த புதிதில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், வாடைக்காற்று பலமாக வீசுகிறது என்று சொன்னவர்தானே.

நீங்கள் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் இருந்தீர்கள். பிறகு மூன்று வருடமாக இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். வந்த மாப்பிள்ளை காணாமல் போனால், குறை அந்த வீட்டுக்குத்தான் என்று ஊர் சொல்லும். நீங்கள் மார்ச்சில் வருவதாக எழுதியதை நம்பி உம்மா நம்முடைய அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை முகைதீன்பாவா மரைக்காயர் வந்தார். எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசலில் கதைப்பவர் அவர்தான் என்பது தெரியுமே. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நெல் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, எழும்பும்போது என்னிடம் கேட்டார்: “மருமகன் இந்த வருசம் வருவாரா புள்ள? வரமாட்டாரெண்டா அதை அவர்ர கையால எழுதித் தரச் சொல்லு. மத்ததை நாங்க பாத்துக்குவம்.” மற்றது என்றால் எது என்று அவர் சொல்லவில்லை. உம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

விண்ணப்பம் போடுங்கள். போடாதீர்கள் என்று சொல்லி, பிறகு வாழ்நாள் முழுவதும் மேசையில் இருந்து கடிதம் எழுதும் ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆனால் ஒன்று, கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் இதைச் சொல்கிறேன்.

கருஞ்சீரகம் முடிந்தால் எழுதுங்கள்.

கமீலா


இலண்டன்
25 மார்ச் 1954

கமீலா, உனக்கும் உம்மாவுக்கும் றம்ஸியாவுக்கும் ஸலாம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், குளிரைப் பற்றி எழுதவில்லை. கிடைத்துவிட்டது.

ஸ்கொட்லாந்துக்காரர்கள் உருளைக்கிழங்கு தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றதும் நன்றி சொல்லி எழுதினார்கள். இன்னோர் இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடத்துக்கு முன்பே ஆள் எடுத்துவிட்டார்களாம். கலிபோர்னியாப் பேராசிரியர் வெண்டல் என்பவர் இந்த மாதம் இலண்டனுக்கு வந்திருந்தார். எங்கள் கல்லூரியிலேயே ஓர் அறையில் வைத்து என்னைப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உப்பும் நெல்லும்தான். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தால் சம்மாந்துறைப் பக்கம் இப்போது தண்ணீர் ஓடுகிறது, ஆனால் கடற்கரையோர வயல்களுக்கு அது எட்டவில்லை, அங்கே நெல்லே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். மனிதர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அப்போதே தோன்றியது.

பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, மரியாதைக்காகக் குடும்பத்தை விசாரித்தார். உங்கள் மனைவி உங்களோடு வசிக்கிறாரா என்று கேட்டார். இல்லை, நான்தான் அவளோடு வசிக்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அப்படியென்றால் வீடு யாருடையது என்றார். வீடு அவளுடையது, எனக்கென்று வீடு கிடையாது என்றேன். நீங்கள் கலிபோர்னியாவுக்கு வந்தால் அவரும் வருவாரா என்றார். எங்கள் ஊரில் பெண் தன் வீட்டைவிட்டு வருவதில்லை, நான் மட்டும்தான் வருவேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தோளைப் பிடித்து, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றார். ஆராய்ச்சியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஓம் என்று தலையாட்டினேன்.

நேற்றுக் கடிதம் வந்தது. ஒக்டோபரிலிருந்து இரண்டு வருடம், தனி ஆண்களின் விடுதியில் ஓர் அறை. கீழே தன் கையால் நாலு வரி எழுதியிருந்தார்: தானும் ஒருமுறை அந்தத் துன்பத்தைக் கண்டவர், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட மனிதனுக்குப் புது நாடும் புது வேலையும் நல்ல மருந்து என்று. அப்போதுதான் விளங்கியது. நீ என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாய் என்று நினைத்திருக்கிறார். அழகரெத்தினம் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

திருத்தி எழுதலாம் என்று பேனா எடுத்தேன். அழகரெத்தினம்தான் தடுத்தார். இப்படியான வேலைகளுக்குக் குடும்பக்காரரைவிடத் தனி ஆளையே விரும்புவார்களாம், யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். வேலை கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்றார். எனக்கும் சரியென்று பட்டது. மார்ச் கப்பலில் பிடித்திருந்த இடத்தை விட்டுவிட்டேன். நீயும் இதைப் படித்துச் சிரிப்பாய் என்று நினைக்கிறேன்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது
5 ஏப்ரில் 1954

மச்சான்,

சிரிக்கவில்லை.

மூன்று தலாக் சொல்லி, இத்தாக் காலம் காத்திருந்து, மரைக்காயரும் பெரியவர்களும் கூடி முடிக்க வேண்டிய காரியத்தை, கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு முன்னால் நின்ற நிலையில் முடித்துவிட்டீர்கள். இங்கே நான் உங்கள் பெண்சாதி. கலிபோர்னியாவில் நான் புருஷனைத் தெருவில் விட்ட பொல்லாத பெண். நீங்கள் என்னை நினைத்துத் துக்கப்பட்டுக்கொண்டு தனி ஆண்களின் விடுதியில் இருக்கப் போகிறீர்கள்.

நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உங்களில் பிழை பிடிக்க ஒரு பொய்கூட இல்லை. அந்த மனிதர் வேறு மாதிரி விளங்கிக்கொண்டதும் உங்கள் குற்றமில்லை, அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஆனால் அவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று தெரிந்த பிறகும் பேனாவை எடுத்து, திரும்ப மூடி வைத்தீர்கள். அது உங்கள் குற்றம். அழகரெத்தினத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். முன்பின் தெரியாத மனிதர், நான் எப்படி இருப்பேன் என்றுகூட அறியாதவர், உங்களிடம் ஒன்று கேட்டார், அவரும் வருவாரா என்று. மூன்று வருடத்தில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றிலாவது அந்தக் கேள்வி இருந்ததா? என்னிடம் கேட்காமலே எனக்காகப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

அவருக்கு உண்மையை எழுதுங்கள். அதனால் வேலை போனால் போகட்டும். எழுதியாயிற்று என்று உங்களிடமிருந்து கடிதம் வரும்வரை என்னிடமிருந்து எதுவும் வராது.

கமீலா


இலண்டன்
9 மே 1954

கமீலாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் கிடைத்த அன்றே பேராசிரியருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உடனே உனக்கும் எழுதியிருக்க வேண்டும். அவருடைய பதிலையும் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்ற நினைப்பும் வந்துவிட்டது, அதற்குமேல் உன்னைக் காக்க வைக்க மனமில்லை.

அவருக்கு எழுதியது சுருக்கம்தான். என் மனைவி என்னைத் துரத்தவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, ஆண் அங்கே போய் வாழ்வான். என் மனைவியோடு எனக்கு எந்தப் பிரிவும் இல்லை, கடல் மட்டும்தான் நடுவில் இருக்கிறது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தவுடனே இதை எழுதாமல் விட்டது என் பிழை. அவ்வளவுதான். ஓகஸ்ட் கடைசியில் புறப்படும் கப்பலில் ஊருக்கு வர இடம் பிடித்திருக்கிறேன். கலிபோர்னியா இல்லாவிட்டால் அதில் ஏறுவேன். அதுவரை இங்கே ஆய்வுகூடத்தில் குப்பி கழுவும் வேலை கிடைத்திருக்கிறது.

நோன்பு தொடங்கிவிட்டது. இங்கே சூரியன் மறைய எட்டரை மணியாகிறது. அழகரெத்தினம் தனக்கு நோன்பு இல்லாவிட்டாலும் எனக்காகக் கஞ்சி காய்ச்சி வைக்கிறார். தன்னால்தான் உனக்குக் கோபம் வந்தது என்று அவருக்கு வெட்கம். உப்புப் போட மறந்துவிடுகிறார். நானும் சொல்வதில்லை.

நான் கேட்காமல் விட்டது அக்கறை இல்லாமல் அல்ல. பயம். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போகவும் மனம் வராது, திரும்பி வந்து முழு மனத்தோடு இருக்கவும் முடியாது என்று பயந்தேன். கேட்காவிட்டால் மறுப்பும் வராதல்லவா? கலாநிதிப் பட்டம் வாங்கியவனின் புத்தி இவ்வளவுதான்.

இப்போது கேட்கிறேன். கமீலா, நீ என்னோடு வருவாயா? நான் மாப்பிள்ளையாக உன் வாசலுக்கு வந்தபோது ஊரே குரவையிட்டு அழைத்துப் போனது. உன்னை அப்படி அழைக்க அங்கே ஒருவரும் இல்லை. வீடும் உன்னுடையதாக இராது, என்னுடையதாகவும் இராது. அப்படி ஓர் இடத்துக்குத்தான் கூப்பிடுகிறேன்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது
12 ஜூன் 1954

மச்சானுக்கு ஸலாம்.

பெருநாள் நல்லபடி முடிந்தது. உங்கள் கடிதத்தை நோன்பு நாளில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருக்குர்ஆன் பாடம் ஓதச் சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பிள்ளைகள் எனக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வர விருப்பம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவதெல்லாம் வர முடியாது என்பதுபோல் இருக்கும்.

றம்ஸியாவுக்கு மருதமுனையிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது. அப்துல் கபூர் என்று பெயர், நெசவுத் தறி வைத்திருக்கும் குடும்பம், நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான், மாப்பிள்ளை எந்த வீட்டுக்கு வருவது? வாப்பா எனக்கு இந்த வீட்டை எழுதித் தந்தார், தங்கச்சிக்கு இன்னொன்று கட்டும் முன்னே மௌத்தாகிவிட்டார். அவளுடைய பேச்சு அங்கேயே நிற்கிறது. நான் உங்களோடு வந்தால் இந்த வீட்டை அவளுக்குக் கொடுக்கலாம். இரண்டு பேருக்கும் வழி பிறக்கும் என்று நினைத்து, சந்தோஷத்தோடு உம்மாவிடம் சொன்னேன்.

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்துவிட்டார். “ஊட்டைக் குடுத்துப்போட்டு ஆம்பிளைக்குப் பின்னால போன பொம்புளை எங்கட குடியில ஒருத்தியும் இல்ல” என்றார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சோறு போடுவார், என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

முகைதீன்பாவா மரைக்காயரிடம் நானே போனேன். அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அங்க அவர் உன்னை வேணாமெண்டா, நீ எந்த ஊட்டுக்குத் திரும்பி வருவாய் புள்ள?”

நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மச்சான், இது விளையாட்டில்லை. எங்கள் தெருவில் புருஷனோடு சண்டைபோட்ட எந்தப் பெண்ணும் மூட்டை கட்டியதை நான் பார்த்ததில்லை. மூட்டை கட்டுவது ஆண்தான். அடிக்கிறவனும் குடிக்கிறவனும் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள், ஆனால் வெளியே போ என்று ஒரு பெண்ணைச் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. அந்தப் பலத்தில்தான் நான் உங்களுக்கு இவ்வளவு துடுக்காகக் கடிதம் எழுதுகிறேன். அதைக் கொடுத்துவிட்டு வந்தால் நான் இதே கமீலாவாக இருப்பேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது.

மரைக்காயரின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அப்படி நடக்காது என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லா ஆண்களும் அதைத்தான் சொல்வார்கள்.

கமீலா


இலண்டன்
3 ஜூலை 1954

என் கமீலாவுக்கு ஸலாம்.

அப்படி நடக்காது என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். இரண்டாம் முறையும் சுற்றி வளைத்து அதையே எழுதியிருந்தேன். அதையும் கிழித்தேன்.

என் பதில் இதுதான். வாப்பாவின் சொத்தில் என் பங்குக்கு வந்த சம்மாந்துறை வயல் உனக்குத் தெரியும். வாய்க்காலை ஒட்டியது, இப்போது இரண்டு போகமும் விளைகிறது. அதை உன் பெயருக்கு மாற்றி உறுதிப் பத்திரம் முடிக்கும்படி என் உடன்பிறந்த ஷரிபுதீன் காக்காவுக்கு அதிகாரம் எழுதி அனுப்பிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உனக்குத்தான். நான் நல்லவனாக இருந்தாலும், நாளைக்குக் கெட்டவனாக மாறினாலும் உனக்குத்தான். அதன் மேட்டில் ஒரு வீடு கட்டலாம். அந்த வீட்டிலிருந்து என்னைப் போ என்று சொல்லும் உரிமையும் உனக்கு இருக்கும். நீ துடுக்காக எழுதுவதை நிறுத்திவிட்டால் எனக்குக் கடிதம் படிக்கவே பிடிக்காது.

பேராசிரியரின் பதில் வந்துவிட்டது. மனிதர் ஊரில் இல்லையாம், வயல்களைப் பார்க்கப் போயிருந்தாராம். பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தன் மனைவியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லையாம். எங்கள் வழக்கமே நல்லது என்று அந்த அம்மா சொல்கிறாராம். பல்கலைக்கழகத்தில் குடும்பக்காரருக்கென்று தனியாகச் சின்னச் சின்ன வீடுகள் உண்டு. மனைவியோடு வருகிறவனுக்குச் சம்பளமும் அதிகம். இதையெல்லாம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று எழுதியிருக்கிறார். அழகரெத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டார்.

வேலையை நவம்பர் வரை எனக்காக வைத்திருப்பார்கள். ஓகஸ்ட் கப்பலில் என் இடமும் இன்னும் அப்படியே இருக்கிறது. நீ வருகிறாய் என்றால் அதை விட்டுவிட்டு இங்கே காத்திருப்பேன், இருவருமாக அமெரிக்காவுக்குப் போவோம். வரவில்லை என்றால் அதில் ஏறி ஊருக்கு வந்துவிடுவேன். வந்து முகம் தூக்கிக்கொண்டு இருக்க மாட்டேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ இல்லாமல் இன்னும் இரண்டு வருடம் எனக்கு வேண்டாம்.

அபுல் ஹஸன்


சாய்ந்தமருது
2 ஓகஸ்ட் 1954

மச்சானுக்கு ஸலாம்.

ஷரிபுதீன் காக்கா உறுதியைக் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம், உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி நல்ல பெயர் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, வயலும் இருக்கிறது. இரண்டும் இருந்தால் நித்திரை நன்றாக வருகிறது. முகைதீன்பாவா மரைக்காயருக்கும் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, மருமகன் படித்தது வீண்போகவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவது பெரிய காரியம்.

அதன் பிறகு நான் தாமதிக்கவில்லை. மருதமுனைக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம், அடுத்த மாதம் றம்ஸியாவுக்குக் கலியாணம். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ போகாவிட்டாலும் பரவாயில்லை ராத்தா என்று அழுதாள். பரவாயில்லையாம். அன்றைக்கே அறையின் சன்னலுக்கு என்ன நிறத்தில் சீலை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவள்.

நேற்று எல்லாருமாகக் கல்முனைக்கு, உறுதி எழுதும் நொத்தாரிசு மீராமுகைதீனிடம் போனோம். சாட்சிக்கு மரைக்காயரும் உம்மாவும். உம்மா வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு வாசல் வரைக்கும் தெரியாது. புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

நொத்தாரிசு உறுதியை எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். கொடுப்பவர் எங்கே வசிப்பவர் என்று எழுத வேண்டுமாம். இதுவரை எங்கள் பெண்கள் எல்லாருக்கும் தன் சொந்த வீட்டில் வசிப்பவர் என்று எழுதிப் பழகியவர் அவர். இப்போது நான் அந்த வீட்டையே கொடுக்கிறேன், ஆகவே நான் எங்கே வசிப்பவள் என்று எழுதுவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலிபோர்னியா என்றேன். நீங்களே இன்னும் கால் வைக்காத ஊரை என் விலாசமாகச் சொன்னேன் மச்சான்.

நொத்தாரிசு பேனாவை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார். மாதக்கணக்காக என் பக்கம் திரும்பாத உம்மா, என்னைப் பார்த்துக்கொண்டுதான் அவருக்குப் பதில் சொன்னார்.

“எழுதுங்க. ரெண்டு வருசத்துக்கு எண்டும் எழுதுங்க.”

உறுதியில் அப்படி எழுத இடமில்லை என்று நொத்தாரிசு எடுத்துச் சொன்னார். சட்டம் சொன்னார், முன்பு எழுதிய உறுதிகளை எடுத்துக் காட்டினார். உம்மா கதிரையில் அசையாமல் இருந்தார். அதை எழுதாவிட்டால் கையொப்பம் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். கடைசியில் மரைக்காயர் நொத்தாரிசின் காதில் ஏதோ சொல்ல, அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். இப்போது கல்முனையில் வேறெந்த உறுதியிலும் இல்லாத ஒரு வரி எங்கள் உறுதியில் இருக்கிறது: கமீலா, கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு வசிப்பவர். உம்மா அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையொப்பம் வைத்தார். வரும் வழியில் வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கையை எடுக்கவில்லை, அவரும் விடவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் இலண்டனுக்குப் போகிறது, அவர்களோடு வரலாம் என்று காக்கா பேசி முடித்திருக்கிறார். றம்ஸியாவின் கலியாணம் முடிந்த கையோடு, செப்டெம்பர் கடைசியில் கொழும்பில் கப்பல்.

ஓகஸ்ட் கப்பலில் உங்கள் இடத்தை விட்டுவிடுங்கள். நான் வருகிறேன்.

துறைமுகத்துக்கு நேரத்தோடு வந்து நில்லுங்கள். இத்தனை காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது நான். ஒருநாள் நீங்கள் கொஞ்சம் முன்னதாக வந்து, குளிரில் நின்று காத்திருந்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

உங்கள்
கமீலா